14 கிலோ சைக்கிளிலிருந்து ரோட் பைக்குக்கு மாறி மூன்று வாரம்: கை மரத்துப்போகிறது, டியூப் போகிறது. விற்றுவிடலாமா?

தோட்டத்துச் சக்கரம்
ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். ஆறு வருடமாக ஒரே மவுண்டன் பைக்தான். 26 அங்குலச் சக்கரம், முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க், எடை 14.5 கிலோ. காலையில் கமுனிங் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு சுற்று, ஞாயிற்றுக்கிழமை லிந்தாங் வரை போய் ஒட்டுக்கடையில் தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்துவிட்டுத் திரும்புவது, இதுதான் வழக்கம். அந்தச் சைக்கிளை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

போன மாதம் ஈப்போவில் ஒருவரிடம் பழைய ரோட் பைக் (தார் ரோட்டுக்கான பந்தய சைக்கிள்) ஒன்று 1,900 வெள்ளிக்குக் கிடைத்தது. அலுமினியச் சட்டம், கார்பன் ஃபோர்க், ஷிமானோ சோரா 9 கியர், பல்சக்கரம் முன்னால் 50/34 பல், பின்னால் 11-28 பல். எடை 9.6 கிலோ. கொண்டுவந்த அன்று ராத்திரி இரண்டு தடவை எழுந்து போய் ஹாலில் நின்று பார்த்தேன். சின்ன வயதில் டிவியில் லங்காவி சைக்கிள் பந்தயம் பார்த்த நாளிலிருந்து வைத்திருந்த ஆசை அது.

இப்போது மூன்று வாரம் ஆகிறது. சங்கடம் ஒன்றா இரண்டா. இருபது நிமிடம் ஓட்டினால் வலது கையில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துப்போகின்றன. நான்கு தடவை டியூப் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னக் கீறல். லிந்தாங் சாலை மேட்டில் பழைய சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஏறுவேன், இதில் எழுந்து நின்று மிதித்தும் மூச்சு வாங்குகிறது. லோரி தாண்டும்போது ஹேண்டல் ஆடுகிறது. பின்னால் வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்த்தால் சைக்கிள் நடு ரோட்டுக்கே போய்விடுகிறது.

லேசான சைக்கிள் என்றால் எல்லாம் லேசாகும் என்று நம்பித்தான் வாங்கினேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பழக வேண்டியதா, இல்லை இந்த ஊர் ரோட்டுக்கு இது ஒத்தே வராதா? வந்த விலைக்கு விற்றுவிடலாமா?

சங்கிலி எண்ணெய்
ஞாயிறு, இரவு 9.48

தம்பி, விற்காதே. முதலில் ஒரு டார்ச்லைட்டை எடுத்து டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் எண்ணைப் படித்துச் சொல். காற்று எவ்வளவு அடிக்கிறாய், எதில் அடிக்கிறாய், உன் எடை எவ்வளவு, அதையும் எழுது.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் அது முள் இல்லை. பாம்புக்கடி என்று சொல்வோம். குழியின் விளிம்பில் சக்கரம் மோதும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் டியூப் நசுங்கி இரண்டு பக்கமும் வெட்டுப்படும். டியூப்பை மாற்றிக்கொண்டே இருந்தால் தீராது.

தோட்டத்துச் சக்கரம்
ஞாயிறு, இரவு 10.15

அண்ணே, இப்போதுதான் பார்த்தேன். 700 × 23 சி என்று இருக்கிறது. எழுத்து பாதி அழிந்துவிட்டது, டயரின் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாக இருக்கிறது. என் எடை 71 கிலோ. விற்றவர் காற்றழுத்தம் 120 பிஎஸ்ஐ அடிக்கச் சொன்னார். என்னிடம் இருக்கிற கால்பம்ப்பில் அழுத்தம் காட்டும் முள் சரியாக வேலை செய்வதில்லை, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து அடிக்கிறேன். பெட்ரோல் நிலையத்தில் அடிக்கலாம் என்று போனால் வால்வு பொருந்தவில்லை.

சங்கிலி எண்ணெய்
திங்கள், காலை 6.20

நீ எழுதிய சங்கடத்தில் பாதி அந்த டயரில் இருக்கிறது. கடை திறக்கும் முன் நேரம் இருப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

உன் மவுண்டன் பைக் டயர் 2.1 அங்குலம் என்றால் 53 மில்லிமீட்டர் அகலம். இது 23. ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் மெத்தை பாதிக்கும் கீழே. பழைய சைக்கிளில் நீ குழியில் விட்டாலும் டயர் வாங்கிக்கொண்டது, மிச்சத்தை ஃபோர்க் வாங்கிக்கொண்டது. இதில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, உன் கையும் டியூப்பும்தான். அதனால் கை மரப்பதும் டியூப் போவதும் ஓரளவுக்கு ஒரே நோய்.

இருபது வருடத்துக்கு முன் நாங்கள் எல்லோரும் 23-தான் ஓட்டினோம், கல்லுபோல் காற்று அடித்தால் வேகம் என்று நம்பினோம். மழமழவென்ற தரையில் அது சரி. நம் ரோட்டில் அப்படி இல்லை. கரடான தார் ரோட்டில் டயர் ரொம்ப இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு பொடிக்கல்லுக்கும் சைக்கிளும் ஆளும் சேர்ந்து மேலே தூக்கி எறியப்படுகிறார்கள். அந்தத் தூக்கலுக்கு உன் காலில் இருந்துதான் சக்தி போகிறது. கொஞ்சம் அகலமான டயர், கொஞ்சம் குறைந்த காற்று என்றால் டயர் கல்லின் மேல் படிந்து போகும், சக்தி மிஞ்சும். பந்தயக்காரர்களே இப்போது 28-க்கு மேல் போய்விட்டார்கள்.

இன்று சாயங்காலம் பிரேக்கின் உட்பக்கம், ஃபோர்க் கவட்டை, பின்பக்கச் சட்டம் மூன்றிலும் டயருக்கும் இரும்புக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று அளந்து பார். 28 போட்ட பிறகும் சுற்றிலும் 4 மில்லிமீட்டர் மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை என்றால் 25 போடு. 28 பொருந்தினால் உன் எடைக்குப் பின்னால் 80 பிஎஸ்ஐ, முன்னால் 72. இதிலிருந்து தொடங்கு, பிறகு இரண்டு இரண்டாகக் குறைத்துப் பார்.

முள் வேலை செய்யும் பம்ப் ஒன்று கட்டாயம் வாங்கு. ரோட் டயரில் ஒரு வாரத்தில் காற்று நன்றாகவே இறங்கிவிடும், இரண்டு நாளைக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். கட்டைவிரல் 60-க்கும் 90-க்கும் வித்தியாசம் சொல்லாது. அந்த ஒல்லி வால்வின் நுனித் திருகை முதலில் தளர்த்தி, ஒரு தடவை ‘உஸ்’ என்று அழுத்திவிட்ட பிறகுதான் காற்று ஏறும். பெட்ரோல் நிலையத்துக்கு ஒரு பித்தளை மாற்றுமூடி விற்கிறார்கள், அதைப் பையில் போட்டு வை.

மழைக்காலம்
திங்கள், மதியம் 1.35

தம்பி, நான் தாதியாக வேலை செய்கிறேன், எட்டு வருடமாக ரோட் பைக் ஓட்டுகிறேன். கை விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் மரத்தால் அது அல்னார் நரம்பு. உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கம் அடிப்பகுதியில் மேடாக இருக்கிறதல்லவா, அந்த இடத்தின் வழியாகத்தான் அது போகிறது. அந்த மேட்டை ஹேண்டலில் வைத்து உடம்பைத் தாங்கினால் நரம்பு நசுங்கும். மவுண்டன் பைக்கில் நிமிர்ந்து உட்கார்ந்ததால் பாரம் முழுக்க உட்காரும் இடத்தில் இருந்தது. இப்போது குனிந்ததால் ஒரு பங்கு கைக்கு வந்துவிட்டது.

முதலில் சீட்டைப் பாருங்கள். மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் நீங்கள் முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள், கைதான் தள்ளித் தள்ளி நிறுத்தும். நீர்மட்டம் வைத்துச் சமமாக்குங்கள். பிறகு ஹேண்டலைச் சட்டத்தோடு பிடிக்கும் ஸ்டெம் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். பழைய பந்தய சைக்கிள்களில் 110, 120 மில்லிமீட்டர் இருக்கும். 80 அல்லது 90 வாங்கிப் போட்டால் ஹேண்டல் உங்கள் பக்கம் வந்துவிடும், பெரிய செலவில்லை.

ஓட்டும்போது முழங்கையை மடக்கியே வையுங்கள். பியானோ வாசிப்பதுபோல் விரல்கள் ஆடக்கூடிய அளவுக்குத்தான் பிடி இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள். மேல்பக்கம், பிரேக் முனை, கீழ் வளைவு என்று இடம் பல இருப்பதுதான் அந்த வளைந்த ஹேண்டலின் நன்மையே. பலர் வாங்கிவிட்டு ஒரே இடத்தில் பிடித்தபடி முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள்.

சைக்கிளை விட்டு இறங்கி ஒருமணி நேரத்தில் உணர்ச்சி திரும்பிவிட்டால் பயமில்லை. நாள்கணக்கில் மரப்பு இருந்தாலோ, சட்டைப் பொத்தான் போடும்போது விரலில் பலம் குறைந்ததுபோல் இருந்தாலோ ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கனமே சுகம்
திங்கள், இரவு 8.05

எல்லோரும் விற்காதே என்கிறீர்கள். நான் விற்றவன், அதனால் மறுபக்கத்தையும் தம்பி கேட்கட்டும்.

நானும் உங்கள் பக்கத்துத் தோட்டப்புறம்தான். ரோட் பைக் வாங்கி ஒன்றரை வருடம் ஓட்டினேன். நம் ஊரில் நல்ல தார் ரோடு என்பது பெரிய ரோடுதான், அதில் லோரி ஓடுகிறது. அமைதியான ரோடு எல்லாம் தோட்டத்துக்குள், அங்கே செம்மண்ணும் கல்லும். ரோட் பைக்கோடு நான் லோரி பக்கம் தள்ளப்பட்டேன். செம்பனைக்குள் விடிகாலையில் போய், பனியில் நனைந்த மட்டையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டு ஓட்டின சுகம் போய்விட்டது. கோயிலுக்குப் போகும்போது தேங்காய்ப் பை மாட்ட இடமில்லை, மகளைப் பின்னால் உட்கார வைக்க முடியாது.

இப்போது 40 மில்லிமீட்டர் டயர் போட்ட ஒரு ஸ்டீல் சைக்கிள் வைத்திருக்கிறேன், 13 கிலோ. தார், செம்மண் இரண்டிலும் போகும். ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டர் குறைவாகப் போகிறேன். எனக்கு அது நஷ்டமாகத் தெரியவில்லை. தம்பி எதற்காக ஓட்டுகிறார் என்பதை முதலில் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மேட்டுப்பாதை
திங்கள், இரவு 10.30

கனமே சுகம் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் கணக்கை மட்டும் வைக்கிறேன், எது எவ்வளவு என்று தெரிந்தால் முடிவெடுப்பது சுலபம்.

எடையால் வரும் லாபம் மேட்டில் மட்டும்தான். ஆளும் பழைய சைக்கிளும் சேர்த்து 85.5 கிலோ, இப்போது 80.6. வித்தியாசம் 4.9 கிலோ, கிட்டத்தட்ட நூற்றுக்கு ஆறு. பத்து நிமிடம் எடுக்கும் மேட்டில் அரை நிமிடம் மிச்சமாகும், அவ்வளவுதான். சமதளத்தில் இந்த எடை உங்களுக்குத் தெரியவே தெரியாது. அங்கே எதிரி காற்று. மணிக்கு 25 கிலோமீட்டர் போகிறவர் 30-க்கு ஏற வேண்டும் என்றால் காற்றைத் தள்ள மட்டும் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் கூடுதல் சக்தி வேண்டும். ரோட் பைக்கின் வேகம் வருவது குனிந்த உடம்பிலிருந்தும், பல் இல்லாத டயரிலிருந்தும். ஐந்து கிலோ குறைந்ததிலிருந்து இல்லை.

அப்படியானால் மேட்டில் ஏன் முன்னைவிடக் கஷ்டம்? கியர். பழைய சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரம் 22, பின்னால் பெரியது 34 இருந்திருக்கும். பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் 1.34 மீட்டர் நகரும். இதில் 34-க்கு 28, ஒரு சுற்றுக்கு 2.6 மீட்டர். ஏறக்குறைய இரண்டு மடங்கு. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் பழையதில் மணிக்கு 5 கிலோமீட்டரில் ஊர்ந்தே ஏறிவிடலாம். இதில் அதே 60 சுற்றுக்கு 9 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்துக்கு மூச்சு இல்லையென்றால் சுற்று குறைகிறது, முட்டி பிடிக்கிறது, எழுந்து நிற்கிறீர்கள். இதில் உங்கள் உடம்பைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பின்னால் 11-32 மாற்றினால் ஒரு சுற்றுக்கு 2.27 மீட்டர். நல்ல வித்தியாசம் தெரியும். 9 கியர் என்பதால் மவுண்டன் பைக்குக்குச் செய்த பல்சக்கரத் தொகுதியே இதில் ஏறும், விலையும் குறைவு. ஆனால் சங்கிலியைப் பல் விட்டுப் பல் மாற்றும் பின்பக்க டெரெய்லரின் கை குட்டையாக இருந்தால் 32 பல்லைத் தாங்காது. சங்கிலி எண்ணெய் அண்ணன் பார்த்துச் சொல்லட்டும்.

இன்னொன்று. பழைய சைக்கிளில் மேடு வந்த பிறகு கியர் இறக்கும் பழக்கம் இருந்திருக்கும். இதில் மேடு கண்ணில் பட்டதுமே, கால் லேசாக இருக்கும்போதே முன்னால் 34-க்கு வந்துவிடுங்கள். பாரத்தில் மிதித்துக்கொண்டே மாற்றினால் சங்கிலி கழன்று விழும்.

சங்கிலி எண்ணெய்
செவ்வாய், காலை 6.15

மேட்டுப்பாதை சொன்னது சரி. தம்பி பின்பக்கத்தைப் படம் எடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பு. 32 போட்டால் சங்கிலியும் நீளமாக வேண்டியிருக்கும், பழைய சங்கிலியிலேயே ஓட்டி டெரெய்லரைப் பிய்த்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

கனமே சுகம் தம்பிக்கு: நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் இவர் பழைய சைக்கிளை விற்கவில்லை. அது வீட்டில் இருக்கும்வரை செம்பனைக்குள் போக வழி இருக்கிறது. இரண்டையும் ஒரே வேலைக்கு வைக்கும்போதுதான் வருத்தம் வரும்.

பழைய ராலே
செவ்வாய், காலை 10.40

வணக்கம் பிள்ளைகளே. நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், 68 வயது. கனம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. அவரிடம் ஒரு ராலே சைக்கிள் இருந்தது. 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், சைக்கிள் மட்டுமே இருபது கிலோ இருக்கும். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய்ப் பேர் கொடுத்துவிட்டு மர நிரைக்குப் போவார். வெயில் ஏறும் நேரம் கேரியரின் இரண்டு பக்கமும் பால் தோம்பு (பெரிய வாளி) மாட்டி ஸ்டோருக்கு வருவார். நிரம்பிய தோம்பு என்றால் ஓட்ட முடியாது, தள்ளித்தான் வர வேண்டும். சரிவில் பிரேக் கம்பி இழுபடும் சத்தம் லயத்து வாசலுக்கே கேட்கும், அம்மா அதைக் கேட்டுத்தான் அடுப்பில் தண்ணீர் வைப்பார். கேரியர் கம்பியில் சிந்திய பால் உறைந்து, தோல்போல் ஒட்டியிருக்கும். பள்ளி விட்டு வந்து அதை நகத்தால் உரித்து உருட்டிப் பந்து செய்வோம். இன்றைக்கும் அந்த வாடை வந்தால் எனக்கு அந்தச் சைக்கிள்தான் ஞாபகம். அதில்தான் பாருக்கு அடியில் காலை விட்டு அரைப் பெடல் பழகினேன்.

அந்தச் சைக்கிள் கனமாக இருந்தது தவறில்லை. அது சுமப்பதற்குச் செய்தது. அப்பா அதில் சுமந்ததால்தான் நாங்கள் நான்கு பேரும் படித்தோம். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தீபாவளிக்கு முதல் நாள் கடைத்தெருவுக்குப் போவதற்காகத் தோம்பு கொக்கிகளைக் கழற்றி வைப்பார். வெறும் சைக்கிளில் ஏறி முதல் இருபது அடி தடுமாறுவார். பாரம் இல்லாமல் கைக்குப் பழக்கமில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவர் முதுகு நிமிரும், மணி அடித்துக்கொண்டே போவார்.

தம்பி, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாம் சரிசெய்த பிறகு கோலகங்சார் போய் வாருங்கள். பழைய ரோட்டில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று அங்கே இருக்கிறது. சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளில் ஒன்பதை அங்கே நட்டார்கள், அதில் மிஞ்சியது அது. நம் பாட்டன்மார் கப்பல் ஏறி வந்து வெட்டிய பால்மரக் காடுகளின் கதை அந்தக் கன்றுகளிலிருந்து தொடங்குகிறது. காரில் போய்ப் பார்ப்பதைவிட நம் காலால் மிதித்துப் போய்ப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

கனமே சுகம்
செவ்வாய், மதியம் 2.10

ஐயா, என் தாத்தா தோம்பு மாட்டிய அதே கொக்கி இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வாசித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நன்றி.

தோட்டத்துச் சக்கரம்
செவ்வாய், இரவு 9.30

ஐயா, கட்டாயம் போகிறேன். அளந்து பார்த்தேன், 28 பொருந்துகிறது, பின்பக்கம் மட்டும் சரியாக 4 மில்லிமீட்டர். ஸ்டெம் 110 இருந்தது, 80 வாங்கப்போகிறேன். லோரி, திரும்பிப் பார்ப்பது இரண்டுக்கும் யாராவது வழி சொல்லுங்கள். உண்மையில் எனக்குப் பயம் அதில்தான்.

மழைக்காலம்
செவ்வாய், இரவு 10.05

பழைய ஹேண்டல் 70 சென்டிமீட்டர் அகலம் இருக்கும், இது 42 தான். முன்சக்கரமும் சட்டென்று திரும்பும்படி வைத்திருப்பார்கள். கையில் சின்ன அசைவு கொடுத்தாலும் சைக்கிள் கேட்டுவிடும். அதனால் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க ஆட்டம் கூடும். லோரி தாண்டும்போது முதலில் ஒரு தள்ளு வரும், வால்பக்கம் கடந்ததும் உள்ளே இழுக்கும். தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி, பெடலில் பாரம் கொடுத்தபடி மிதித்துக்கொண்டே இருங்கள். நிறுத்தாதீர்கள். ஓரத்துப் புல்லை ஒட்டி ஓட்டாதீர்கள். வெள்ளைக்கோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே ஓட்டினால்தான் இழுப்பு வரும்போது ஒதுங்க இடம் இருக்கும்.

திரும்பிப் பார்க்க: வலப்பக்கம் பார்க்கும்போது இடது கையை ஹேண்டலின் நடுவில், ஸ்டெம்முக்குப் பக்கத்தில் வையுங்கள். வலது கையை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு திரும்புங்கள். நடுவில் பிடித்த கை ஹேண்டலை இழுக்காது. முதலில் பள்ளித் திடலில் பழகுங்கள். நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதை மட்டுமே செய்தேன்.

சங்கிலி எண்ணெய்
புதன், காலை 6.30

மழையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பக்கம் சாயங்காலம் மழை வராத நாளை எண்ணிவிடலாம். ரிம் பிரேக் நனைந்தால் முதல் ஓரிரு சுற்றுக்குப் பிடிக்காது, தண்ணீரைத் துடைக்கவே அந்த நேரம் போய்விடும். அதனால் சரிவுக்கு முன்னாலேயே லேசாகத் தடவித் துடைத்துக்கொண்டு இறங்கு. கீழ் வளைவில் கை வைத்துப் பிடித்தால் பிரேக்குக்கு விரல்பலம் கூடும். வளைவுக்குள் போன பிறகு பிரேக் வேண்டாம், முன்பே வேகத்தைக் குறைத்துவிடு. எந்தக் கை முன்பிரேக் என்பதையும் பார். விற்றவர் மாற்றிக் கட்டியிருக்கலாம், அவசரத்தில் பழைய பழக்கம்தான் கைக்கு வரும்.

தோட்டத்து வாசல்களில் டிராக்டர் சக்கரம் கொண்டுவந்து போட்ட செம்மண் மழையில் சவர்க்காரம்போல் ஆகிவிடும். செம்பனை லோரி திரும்பும் முனையில் உதிரிப் பழம் நசுங்கி எண்ணெய் இருக்கும். மட்டை முள் டயருக்குள் நின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் துணியால் டயரை ஒரு சுற்று துடைத்துப் பார், முள் இருந்தால் கையில் படும். நாய் துரத்தினால் வேகத்தில் ஜெயிக்கப் பார்க்காதே. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நட. பெரும்பாலான நாய்கள் அதோடு விட்டுவிடும்.

தோட்டத்துச் சக்கரம்
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, பிற்பகல் 3.20

கோலகங்சார் போய்விட்டு வந்தேன். குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்ததும் எழுதுகிறேன்.

காலை 6.40-க்குக் கிளம்பினேன். 28 டயர், பின்னால் 78, முன்னால் 70 பிஎஸ்ஐ. சாலாக் உத்தாரா தாண்டும்வரை பனி. ரோட்டில் வண்டி குறைவு. டயர் போகும் சத்தமே மாறிவிட்டது. முன்பு ஒவ்வொரு பொடிக்கல்லுக்கும் கடகடவென்று கை வரை வரும், இப்போது துணி கிழிப்பதுபோல் ஒரு மெல்லிய சத்தம், அவ்வளவுதான். இதே ரோட்டில் மவுண்டன் பைக்கில் போனபோது பல் டயர் வண்டுபோல் ரீங்காரம் போடும். நான் மிதிப்பதை நிறுத்திய பிறகும் சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது. அப்படி ஓர் அனுபவம் எனக்கு முன்னால் இருந்ததில்லை.

கையை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றினேன். மணிக்கட்டுக் கடிகாரத்தில் மணி அடிக்க வைத்திருந்தேன். போகும்போது மரப்பு இல்லை. திரும்பும்போது கடைசி பத்து நிமிடம் சுண்டுவிரலில் கொஞ்சம் இருந்தது, வீட்டு வாசலில் போய்விட்டது. ஒரு கல் லோரி தாண்டியது. தள்ளு வந்தது, பிறகு இழுப்பு வந்தது, அக்கா சொன்ன அதே வரிசையில். முழங்கையைத் தளர்த்தி மிதித்துக்கொண்டே இருந்தேன். சைக்கிள் கோட்டை விட்டு நகரவில்லை. அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

1932-இல் திறந்த இஸ்கந்தார் பாலத்தில் நின்று பேராக் ஆற்றைப் பார்த்தேன். பாலத்தின் இணைப்புகளை நேராகக் கடந்தேன், சாய்வாக விடவில்லை. பிறகு ஐயா சொன்ன மரம். வேலிக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பத்து நிமிடம் நின்றேன். பட்டையில் பழைய வடுக்கள் புடைத்துக் கிடக்கின்றன. எங்கள் பாட்டி கையிலும் அப்படி முடிச்சு முடிச்சாக இருக்கும். அவர் முப்பது வருடம் பால் வெட்டினவர். படம் எடுக்க மறந்துவிட்டேன் ஐயா, அடுத்த தடவை எடுக்கிறேன்.

டியூப் போகவில்லை. 32 பல் இன்னும் மாட்டவில்லை. டெரெய்லர் கை குட்டை என்று அண்ணன் சொல்லிவிட்டார், நீளமானதற்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை மேட்டில் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

கனமே சுகம் அண்ணே, நேற்றுக் காலை மவுண்டன் பைக்கை எடுத்துச் செம்பனைக்குள் போனேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

பழைய ராலே
ஞாயிறு, மாலை 5.00

படம் வேண்டாம் தம்பி. பாட்டி கையைச் சொன்னீர்களே, எனக்கு அது போதும்.

கனமே சுகம்
ஞாயிறு, மாலை 6.15

மகிழ்ச்சி தம்பி. அடுத்த சனிக்கிழமை கமுனிங் உள்ரோட்டில் ஒரு சுற்று போகலாம், கனமான சைக்கிளில் வாருங்கள். நான் மகளையும் கூட்டி வருகிறேன்.

மேட்டுப்பாதை
ஞாயிறு, இரவு 8.40

32 பல் வந்ததும் சொல்லுங்கள். கோலகங்சார் தாண்டி தைப்பிங் போகிற பழைய ரோட்டில் புக்கிட் பெராப்பிட் மேடு இருக்கிறது. வேகம் வேண்டாம், உட்கார்ந்தே ஏறலாம். நான் முன்னால் காற்றை மறைத்துக்கொண்டு போகிறேன்.

தோட்டத்துச் சக்கரம்
ஞாயிறு, இரவு 9.05

இரண்டுக்கும் வருகிறேன். ஒரே ஒரு சிக்கல்: நம் ஊர்க் கடையில் 26 அங்குல டியூப்தான் இருக்கிறது. 700 × 28-க்கு ஒல்லி வால்வு டியூப் கேட்டால் ஈப்போவுக்குப் போகச் சொல்கிறார்கள். பையில் ஒன்றுகூட மிச்சமில்லை.

சங்கிலி எண்ணெய்
ஞாயிறு, இரவு 9.20

ஒரு பெட்டி சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை வருகிறது. 48 மில்லிமீட்டர் வால்வு. உனக்கு நான்கு எடுத்து வைக்கவா?

தோட்டத்துச் சக்கரம்
ஞாயிறு, இரவு 9.22

ஆறு வையுங்கள் அண்ணே. மழைக்காலம் அக்காவுக்கும் இரண்டு வேண்டுமாம்.